பட்டாளத்துக் கேள்வி பதில்: போரில் இருந்தார், புத்தகத்தில் இல்லை

(ராணுவ ரெக்கார்டு ஆபீஸில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார். இந்த இதழில் மெடல் சம்பந்தமான கேள்விகள் மட்டும்.)

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 81. 1962-ல் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு) சேர்ந்து 1978-ல் பென்ஷனோடு வந்தவர். 1971 போரில் மேற்கு முனையில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தபோது இடது தொடையில் வெடிச்சிதறல் பாய்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரக்ஷா மெடல், சைன்ய சேவா மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல் மூன்றும்தான் இருக்கின்றன. கூட இருந்தவர்களிடம் பஷ்சிமி ஸ்டார் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, "ஐம்பது வருஷம் கழித்து என்ன மெடல், கடையில் வாங்கிக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார்கள். அதிலிருந்து அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஏதாவது வழி உண்டா?
- ஒரு மகள், குடியாத்தம்

பதில்: உண்டு அம்மா. முதலில் அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை நாம் சேர்ந்து படிப்போம். நீங்கள் எழுதியனுப்பிய மூன்று மெடல்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

25-வது சுதந்திர ஆண்டு மெடல் 15.8.1972 அன்று சேவையில் இருந்த எல்லோருக்கும் உரியது. எந்த யூனிட், எந்த ஊர் என்ற கேள்வியே அதில் இல்லை. ஆக, அப்பா புதிதாகப் போன யூனிட்டின் கிளார்க் எழுத வேண்டியதை ஒழுங்காக எழுதியிருக்கிறார். பஷ்சிமி ஸ்டார் வேறு மாதிரி. 1971 டிசம்பர் 3 முதல் 17 வரை நடந்த சண்டையில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்கானது அது. அந்த மெடலையே 1973-ல்தான் ஏற்படுத்தினார்கள். அப்போதுதான் ஒவ்வொரு யூனிட்டும் யார் யாருக்கு உரிமை என்று நாமினல் ரோல் தயாரித்தது. உங்கள் அப்பா அதற்குள் பழைய யூனிட்டின் பட்டியலில் இல்லை. புது யூனிட்டுக்கோ அவர் டிசம்பரில் எங்கே இருந்தார் என்பது தெரியாது, "பழைய யூனிட் போட்டிருக்கும்" என்று விட்டிருப்பார்கள். பழைய யூனிட், "இப்போது இருக்கும் இடத்தில் போடுவார்கள்" என்று விட்டிருக்கும். காயம்பட்டு ஆஸ்பத்திரி வழியாக யூனிட் மாறியவர்கள்தான் இப்படி விடுபடுவார்கள். அதிகம் அடிபட்டவன் பெயர்தான் அதிகம் விடுபடும் என்பது எங்கள் தொழிலில் பழைய கசப்பு.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் புத்தகத்தில் இல்லை. சங்க்ராம் மெடல். அது 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை பஞ்சாப், காஷ்மீர், வங்கம் முதலிய மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கு உரியது. மேற்கு முனையில் சண்டை போட்டவரின் மார்பில் பஷ்சிமி ஸ்டாரும் சங்க்ராமும் பொதுவாக ஜோடியாகவே இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவது, காயத்துக்கான மெடல். எதிரியின் செயலால் நேரடியாகக் காயம்பட்டவருக்கு உரிய அதை ஊண்ட் மெடல் என்போம், இப்போது பராக்ரம் பதக் என்கிறார்கள். இந்த மூன்றில் எதுவும் யாரும் பார்த்துக் கொடுக்கிற பரிசு இல்லை. இருந்த இடம், இருந்த நாள், பட்ட காயம், இவை பதிவில் இருந்தால் மெடல் தானாக வரவேண்டும். அதனால் மனுவில் வீரத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரெக்கார்டு ஆபீஸுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை நான்கு பக்கம் இருக்கும். தாய்நாட்டுக்காக ரத்தம் சிந்தியது, உறவினர் மதிக்காதது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது எல்லாம் இருக்கும். ஆர்மி நம்பர் மட்டும் இருக்காது. படிக்கிற கிளார்க்குக்கு மனசு இளகும், ஆனால் எந்த ரேக்கில் தேடுவது என்று தெரியாது.

ஒரே பக்கம் போதும். நம்பரை முழுதாக எழுதுங்கள், கடைசியில் நிற்கிற ஆங்கில எழுத்தையும் விடாமல். அப்புறம் ரேங்க், புத்தகத்தில் உள்ளபடியே பெயர், சேர்ந்த நாள், வெளிவந்த நாள், பி.பி.ஓ எனப்படும் பென்ஷன் ஆணையின் எண். அதன்பின் 1971 டிசம்பரில் எந்த ரெஜிமென்ட், எந்தக் கம்பெனி, எந்த இடம், காயம்பட்ட தேதி, முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரி, பிறகு மாறிய யூனிட். அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். தேதி அவருக்குச் சரியாக வராவிட்டால் பசந்தர் சண்டையையே பிடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 15 இரவும் 16 பகலும் நடந்தது அது. சாப்பர்கள் கண்ணிவெடி எடுத்து முடிப்பதற்குள் பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் டாங்கிகள் பாதி வழியில் புகுந்து கடந்த இரவு. மறுநாள் பகலில் பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் வீழ்ந்தார். டாங்கி கடந்ததற்கு முன்பா பின்பா என்று கேட்டால் எந்தத் தம்பிக்கும் நினைவு வந்துவிடும். (மெட்ராஸ் சாப்பர்களை ராணுவம் முழுக்கத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் அப்பாவிடம் அப்படிப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.)

மனு போகவேண்டிய இடம் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் ரெக்கார்டு ஆபீஸ். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும். அவர் இருக்கும்போது மகள் போட்டால், மூன்றாம் நபர் என்று திருப்பிவிடுவார்கள். மெடல் டெல்லி வழியாக வரும், ஆனால் பதிவு திருந்துவது பெங்களூரில்தான். அங்கே ஒரு பார்ட் டூ ஆர்டர் (ஒருவரின் சர்வீஸில் நடந்ததைப் பதிவு செய்யும் உத்தரவு) போட வேண்டும், அது ஷீட் ரோலில் ஏற வேண்டும். ஷீட் ரோல் என்பது ஒரு சிப்பாயின் முழு வரலாறு. உங்கள் கையில் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகம் அதிலிருந்து எடுத்த சுருக்கம். ஆகையால் மனுவோடு, ஷீட் ரோல் நகலையும் 1971, 72, 73-ம் வருஷத்துப் பார்ட் டூ ஆர்டர்களின் நகலையும் கேளுங்கள். காயம்பட்டதற்கு ஒரு பார்ட் டூ ஆர்டர் கண்டிப்பாக விழுந்திருக்கும். அதில் 'பேட்டில் கேஷுவல்டி' என்று இருக்கிறதா, 'பிசிக்கல் கேஷுவல்டி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது எதிரியால் வந்தது, பின்னது விபத்தால் வந்தது. பின்னதாக இருந்தால், பராக்ரம் பதக்குக்கு முன்னால் அந்த வார்த்தையைத் திருத்தியாக வேண்டும். மெடிக்கல் போர்டு தாள்களும் வெடிச்சிதறல் எடுத்த ஆஸ்பத்திரிக் குறிப்பும் அங்கே கைகொடுக்கும்.

துணைக்கு ஒரு தோழரின் வாக்குமூலம் இருந்தால் நல்லது. நோட்டரி முன் "இவர் என்னோடு இருந்தார்" என்று எழுதினால் மட்டும் போதாது. எழுதுபவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அதே கம்பெனியும் பஷ்சிமி ஸ்டாரும் இருக்கிற பக்கத்தை நகல் எடுத்து இணையுங்கள். அதற்குத்தான் கனம். உங்கள் வேலூர் வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் ஜில்லா அது.

மனு பதிவுத் தபாலில் போகட்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு, "என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில்" என்று கேளுங்கள். முப்பது நாள் கெடு. அதற்கும் மசியவில்லை என்றால் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. மனு கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லாமல் போனாலும், 'முடியாது' என்று எழுத்தில் வந்தாலும் அங்கே போகலாம். அந்த 'முடியாது' எழுத்தில் வேண்டும். கவுன்ட்டரில் சொன்னது பதிலே இல்லை, உங்களுக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான்.

கடையில் வாங்குவது பற்றி: டெல்லி கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் எல்லா மெடலும் கிடைக்கும். அரசு மெடல் வரத் தாமதமாவதால் சர்வீஸில் இருப்பவர்களே பரேடுக்கு அங்கே வாங்குவதுண்டு. அதில் குற்றமில்லை, உரிமை பதிவில் இருக்கும்வரை. ஆனால் அரசு தரும் மெடலில் அவர் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்பா 1966-ல் சேர்ந்து, குடும்பச் சூழ்நிலையால் 1972-லேயே வெளியே வந்துவிட்டார். பென்ஷன் இல்லை. கிழக்குப் பாகிஸ்தான் சண்டையில் இருந்ததாகச் சொல்வார். இப்போது அவர் இல்லை. பூர்வி ஸ்டார் கேட்டு எழுதினேன், "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவ்வளவுதானா?
- மகன், திருப்பத்தூர்

பதில்: பதிலில் பொய் இல்லை. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஆவணக் கட்டுகளை 25 வருஷத்துக்குப் பின் அழிக்கலாம் என்று ராணுவ ஒழுங்குமுறையில் இருக்கிறது. பென்ஷன்காரர்களின் கட்டு இருக்கும், அவர்களுக்குத் தகராறு தொடரும் அல்லவா!

ஆனால் எல்லாவற்றையும் அழிப்பதில்லை. லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அதில் சில வரிகள், அதை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். நீங்கள் "ஆவணம்" என்று பொதுவாகக் கேட்டதால் பொதுவாகப் பதில் வந்திருக்கிறது. "லாங் ரோல் பதிவின் நகல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் யாரும் தவறவிட்டதாகக்கூடச் சொல்ல முடியாது. பூர்வி ஸ்டாரும் 1973-ல் வந்ததுதான். அவர் வீட்டுக்கு வந்தபோது அந்த மெடலே கிடையாது. அவருடைய டிஸ்சார்ஜ் தாளில் அது எப்படி இருக்கும்? இதை மனுவில் இரண்டு வரியில் சொல்லுங்கள், படிப்பவருக்கு விஷயம் உடனே விளங்கும்.

அப்புறம் வீட்டுப் பரணில் ஏறுங்கள். 1971 நவம்பர், டிசம்பரில் அவர் எழுதிய இன்லண்ட் ஏதாவது இருக்கிறதா? முகவரியில் 99 ஏ.பி.ஓ (ராணுவத் தபால் நிலையம்) என்று இருந்தால் அது கிழக்குப் பக்கத் தபால், கல்கத்தா வழியாகப் போனது. 56 ஏ.பி.ஓ என்றால் டெல்லி வழி. முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண்ணும் இருக்கும். இதை மட்டும் வைத்து மெடல் தரமாட்டார்கள், ஆனால் யூனிட் பெயரோடும் ஒரு தோழரின் வாக்குமூலத்தோடும் சேர்ந்தால் பலம். மணியார்டர் கூப்பனையும் தூக்கிப் போடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மா இருந்தால் அவர் பெயரில் மனு போடுங்கள்.

கேள்வி: மெடல் ஏறினால் பென்ஷன் ஏறுமா?
- கே.வி.குப்பத்திலிருந்து ஒருவர்

பதில்: பஷ்சிமி, பூர்வி, சங்க்ராம், ரக்ஷா எதற்கும் ஒரு பைசா கிடையாது. வீர் சக்ரா, சேனா மெடல் போன்ற வீரப் பதக்கங்களுக்குத்தான் பணம். ஆனால் காயம் 'பேட்டில் கேஷுவல்டி' என்று திருத்தப்பட்டு, மெடிக்கல் போர்டு ஊனச் சதவீதமும் போட்டிருந்தால், வார் இன்ஜுரி பென்ஷன் கேட்க வாசல் திறக்கும். சாதாரண ஊன பென்ஷனைவிட அதன் விகிதம் அதிகம். மெடல் மனுவையும் பென்ஷன் மனுவையும் ஒரே காகிதத்தில் கலக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மேஜை.

கேள்வி: தாத்தாவுக்கு வீர் சக்ரா தருவதாக அவருடைய கம்பெனி கமாண்டரே 1965-ல் சொன்னாராம். பிறகு வரவில்லை. இப்போது கேட்டு வாங்கலாமா?
- பேரன், ஆம்பூர்

பதில்: வீரப் பதக்கத்தை உரிமை என்று கேட்க முடியாது தம்பி. அன்றைய கமாண்டர் எழுத்தில் பரிந்துரைத்து, அது மேலே மேலே போய், டெல்லியில் முடிவாகி, குடியரசுத் தலைவர் பெயரில் வருவது அது. வாயால் சொன்னதற்குப் பதிவு இல்லை. அதைத் துரத்தி வருஷங்களைச் செலவழிப்பதற்கு முன், தாத்தாவின் புத்தகத்தில் சமர் சேவா ஸ்டார் இருக்கிறதா என்று பாருங்கள். 1965 போரில் களத்தில் இருந்தவர்களுக்கானது. அந்தப் போர்க்காலத்தில் சேவையில் இருந்தவர்களுக்கான ரக்ஷா மெடல் மட்டும் இருந்து சமர் சேவா ஸ்டார் இல்லையென்றால், கேட்க வேண்டியது அதைத்தான், கிடைக்கவும் கூடும்.

கேள்வி: சற்று விசித்திரமான கேள்வி ஐயா. என் மகள் அமெரிக்காவில் ஓர் அமெரிக்கரைத் திருமணம் செய்திருக்கிறாள். மருமகனின் தாத்தா கொரியப் போரில் காலாட்படையில் இருந்து காயம்பட்டு, 1953-ல் வெளிவந்தவர். இப்போது இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் இல்லை. ஆவணம் எரிந்துபோய்விட்டது என்கிறார்களாம். இது உண்மையாக இருக்குமா, சாக்கா?
- சம்பந்தி அம்மா, கோவை

பதில்: உண்மை. ரெக்கார்டு ஆபீஸில் வேலை பார்த்தவன் எவனும் அந்தத் தீயைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க மாட்டான். 1973 ஜூலை 12, மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் உள்ள அவர்களுடைய ஆவணக் காப்பகம். 160 முதல் 180 லட்சம் கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1959 முடிய ராணுவத்திலிருந்து வெளிவந்தவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் அடங்கும். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. தீயில் தப்பியவை தண்ணீரில் நனைந்து கிடந்தன, விமானக் கம்பெனியின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். இங்கே நாங்கள் பஷ்சிமி ஸ்டாரை ஏற்படுத்திய அதே வருஷம் அங்கே இது.

ஆனால் எரிந்தது தனிநபர் கோப்பு மட்டும்தான். கம்பெனி தினமும் காலையில் அனுப்பிய 'மார்னிங் ரிப்போர்ட்' வேறிடத்தில் இருந்தது. யார் காயம், யார் ஆஸ்பத்திரி என்று அதில் பெயர் வரும். சம்பளப் பட்டுவாடாச் சீட்டுகளும் உண்டு. எல்லாவற்றையும்விட, அவர்களுடைய சர்ஜன் ஜெனரல் அலுவலகம் 1950 முதல் 1954 வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி எடுத்துவைத்த குறிப்புகள் பிற்பாடு கிடைத்தன. போரில் பட்ட காயமா என்பது அதில் தெரியவரும். பர்ப்பிள் ஹார்ட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மருமகனை அவசரப்பட்டு மனு போடச் சொல்லாதீர்கள். அவர்கள் கணக்கில் பேரன் நெருங்கிய உறவு ஆகமாட்டான். மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் வரைக்கும்தான். எனவே உங்கள் சம்பந்தி, அதாவது அந்த வீரருடைய மகன் அல்லது மகள், கையெழுத்துப் போடட்டும். முதலில் எஸ்.எஃப் 180 என்ற படிவத்தில் இருப்பதைக் கேட்க வேண்டும். படைவிட்டு 62 வருஷம் கடந்த கோப்புகள் அங்கே பொது ஆவணம் ஆகிவிடும், ஆகவே இவருடையதைப் பார்க்கப் பெரிய தடை இருக்காது. கிடைத்த சான்றுகளை வைத்து டி.டி 149 என்ற படிவத்தில் ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்கு மனு. பிழை தெரியவந்து மூன்று வருஷத்துக்குள் என்று கெடு உண்டு, ஆனால் நியாயம் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம். டிஸ்சார்ஜ் தாளின் பெயர் டி.டி 214. அதை அடித்துத் திருத்தமாட்டார்கள், டி.டி 215 என்று திருத்தத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தருவார்கள். இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய பிழை அப்படியே தெரியும், திருத்தமும் தெரியும். நம் ஆட்கள் சிவப்பு மையால் அடித்து மேலே கிறுக்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்திருக்கிறது.

கேள்வி: நான் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவன். 1971-ல் பார்டரில்தான் இருந்தேன். நீங்கள் சொல்லும் வழியெல்லாம் எனக்கும் பொருந்துமா?
- ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள், அரக்கோணம்

பதில்: மனு எழுதும் விதம் பொருந்தும், இரண்டு கதவுகள் பொருந்தாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் பி.எஸ்.எஃப் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றவற்றுக்கு அவர்கள் பதில் தர வேண்டியதில்லை. ஆயுதப் படைத் தீர்ப்பாயமும் உங்களுக்கு இல்லை. அது ராணுவம், கடற்படை, விமானப் படைக்கு மட்டும். நீங்கள் நேராகப் படையின் தலைமையகத்துக்கு எழுதுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றம். 1971 டிசம்பரில் எந்த பட்டாலியன், எந்தச் சாவடி என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் புக் நகல் உங்களிடம் இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அது வந்தபின் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், எந்த வரியைச் சுட்டிக்காட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.